வெற்றிக்கு முன்னர் வேண்டும் உதவி

நாற்று வாடும்போது நீர் பாய்ச்சாமல், கதிர் முற்றிய பின்னர் மடை திறக்கும் உழவர் எவருமில்லை. விளையாட்டு வீரர்களுக்கு அரசாங்கம் அளிக்கும் பொருளுதவியையும் இக்கண்கொண்டே நோக்க வேண்டும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன், காய்கறி விற்ற தாயாரின் உழைப்பில் வளர்ந்தவர். சிறு வயதில் விபத்தில் கால் ஊனமுற்ற அவர், 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். தமிழ்நாடு அரசாங்கம் ரூ. 2 கோடி பரிசு அறிவித்தது. பரிசு போற்றத்தக்கதே, ஆயினும் அது அறுவடைக்குப் பின் வருவது. நல்ல உணவு, காலணி, பயிற்சியாளர், பிரயாணச் செலவு ஆகியவை வெற்றிக்குப் பல ஆண்டுகள் முன்னரே தேவைப்படுகின்றன.

இக்குறையைப் போக்கவே மத்திய அரசாங்கம் 2014-இல் ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தைத் தொடங்கியது. பதக்கம் பெறக்கூடியவரை வல்லுநர் குழு தெரிந்தெடுக்கும். அவருக்குரிய பயிற்சி, கருவிகள், வெளிநாட்டுப் போட்டிச் செலவுகள் ஏற்கப்படுவதுடன், முதல்நிலை வீரருக்குக் கைச்செலவுக்காக மாதம் ரூ. 50,000 வழங்கவும் திட்டம் வகை செய்தது. தேர்ச்சி குன்றினால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படலாம். இளையோருக்கான 'கேலோ இந்தியா' திட்டத்தில் கைச்செலவுக்கு மாதம் ரூ. 10,000 என வகுக்கப்பட்டது. நம் மாநிலத்திலோ, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்தி, மாணவ மாணவியர்க்கு உணவும் உறைவிடமும் பயிற்சியும் அளித்து வருகிறது.

எனினும், இத்திட்டங்கள் யாவும் திறமை வெளிப்பட்ட பின்னரே கை நீட்டுகின்றன. வரப்பில் ஓடும் சிறுமியின் வேகத்தை டில்லியிலுள்ள குழு காண்பதெங்ஙனம்? மாவட்டப் போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டால், அவள் பெயர் எப்பட்டியலிலும் ஏறாது. அவள் இழந்தது இன்னதென்று ஊரும் அறியாது.

இந்த இடைவெளியை நிரப்புவது பஞ்சாயத்தின் கடமையாகும். ஆடுகளத்தை ஆக்கிரமிப்பின்றிக் காத்தல் முதற்பணி. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைக் கலந்து, திறமையுள்ள சிறுவர் சிறுமியரைக் கண்டறிதல் இரண்டாவது. விடுதித் தேர்வு நாளை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டறிந்து பெற்றோருக்குத் தெரிவித்தல் மூன்றாவது. போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கும்படி பெற்றோரிடம் வற்புறுத்துவதும் அவசியம். உதவி கோரும்போது அவையே ஆதாரம்.

பெண் மக்களை விளையாட அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு அங்கத்தினர்கள் நேரில் எடுத்துரைத்தல் நலம். அரசாங்கத்தின் உதவி வாய்க்கால் வரை வந்துள்ளது. அதனை வயலுக்குத் திருப்பும் மடை நம் ஊரில்தான் இருக்கிறது.