வரிக்குறைப்பும் தோட்டத் தொழிலாளரும்

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கச்சலில், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கையினின்றும் திரும்பிய தமிழர் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர். ஆதலின், கொழும்பின் வரிச் செய்தி அங்குள்ள நம் நேயர்க்கு உறவினர் வீட்டுச் செய்தியாகும்.

2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் கோத்தாபய ராஜபக்ச வரிக்குறைப்பை வாக்குறுதியாக அளித்து வென்றார். ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி நீங்கிற்று. நாளொன்றுக்கு 700 ரூபாய் அடிப்படைக் கூலி பெற்ற கொழுந்து பறிப்போர்க்கு இதனால் யாது பயன்? அவர்கள் முன்னரும் அவ்வரி செலுத்தியவரல்லர். மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டினின்று 8 ஆனது மட்டுமே அவர்தம் கடைக்கணக்கைத் தொட்டது. அரசின் வருவாயோ சரிந்தது. கொள்ளைநோயும் உடன் சேர, 2022இல் நாடு கடன் தவணை தவறிற்று. கோதுமை மாவும் எட்டாப் பொருளாயிற்று.

2024இல் போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்கவின் அரசு மதிப்புக் கூட்டு வரியை 18 விழுக்காடாக்கியிருந்தது. அனுர குமார திசாநாயக்கவோ உணவுப் பொருள்களுக்கு அதனை நீக்குவதாகக் கூறினார். தோட்டத்து அடுப்பங்கரையை நினைந்த பேச்சு இதுவே என்போம்.