காலையில் எழாத பழைய பிக்கப்: வீட்டிலேயே பார்க்கக்கூடியவை எவை?

விடியற்காலை ஆறு மணி. குளுவாங், லாயாங்-லாயாங் பக்கத்தில் ஒரு செம்பனைச் சிறுதோட்டம். குலை வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். பிக்கப் மட்டும் எழவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி இறங்கும்வரை சாவியைத் திருப்பிவிட்டு, கடைசியில் இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் ஜொகூர் குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி.

வெட்டிய குலை காத்திருக்காது. 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். வண்டி ஒரு நாள் படுத்தால் அன்றைய வருமானத்தில்தான் அடி விழும்.

டொயோட்டா ஹைலக்ஸ் 1968இல் ஜப்பானில் அறிமுகமானது. நம் தோட்டப்புறங்களில் இன்னமும் ஓடுபவை பெரும்பாலும் 80, 90களின் டீசல் வண்டிகள். அவற்றில் 2எல் என்ற 2.4 லிட்டர் எஞ்சினோ 3எல் என்ற 2.8 லிட்டர் எஞ்சினோ இருக்கும். இவற்றில் கணினி கிடையாது. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு ஸ்பேனர், ஒரு சோதனை விளக்கு, கொஞ்சம் பொறுமை இருந்தால் பாதிக் கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். மீதிப் பாதியை வீட்டில் தொடவே கூடாது. இரண்டையும் பிரித்தறிவதுதான் முக்கியம்.

முதலில், காலையில் எழாத வண்டி. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய 22 மடங்கு அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. இந்த ரக எஞ்சினில் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சப்படும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடாமல் இருக்க, குளோ பிளக் அந்த அறையைச் சூடாக்கித் தருகிறது. "ஜொகூரில் ஏது குளிர்?" என்று கேட்கலாம். இரவு முழுக்க நின்ற இரும்புக்கு நம் ஊர் விடியற்காலையும் குளிர்தான்.

குளோ பிளக்கைச் சோதிப்பது எளிது. நான்கு பிளக்குகளின் தலையையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றுங்கள். 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ்வில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பெரும்பாலும் பிளக் நல்லது, எரியாவிட்டால் செத்துவிட்டது. நான்கும் நன்றாக இருந்தால், பட்டையைத் திரும்ப மாட்டி, சாவியைப் போடும்போது அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலேயையும் பியூஸையும் சந்தேகப்படலாம்.

பிளக்கில் கோளாறு இல்லை, புகையும் வரவில்லை, எஞ்சின் வெறுமனே சுற்றுகிறது என்றால் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். டீசல் ஃபில்டரின் மேல் கையால் அழுத்தும் ஒரு பம்ப் இருக்கும். காலையில் அதை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இறங்கி, பலமுறை அழுத்திய பிறகு கெட்டியாகி, அதன்பின் வண்டி எழுந்தால், எங்கோ ஓர் இடுக்கில் காற்று நுழைந்து, இரவில் டீசல் தாங்கிக்கே திரும்பி ஓடிவிடுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, இன்ஜெக்ஷன் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு துண்டு கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பிறகு ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ஃபில்டரின் ரப்பர் வளையம் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோளாறு இப்போது அதிகம் காதில் விழ ஒரு காரணம் உண்டு. 2019 முதல் நம் நிலையங்களில் கிடைக்கும் டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. அதாவது, குலையை ஏற்றிப் போகும் வண்டியின் தாங்கிக்குள்ளேயே செம்பனை இருக்கிறது! எரிபொருளாக அதில் தவறில்லை. ஆனால் முப்பது வருடப் பழைய தாங்கியில் படிந்த கசடை அது கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவந்துவிடும். பழைய காலத்து ரப்பர் ஹோஸையும் நாளடைவில் கெடுக்கும். ஈரத்தையும் சாதாரண டீசலைவிட அதிகம் இழுக்கும். ஹோஸ் மாற்றும்போது மீட்டருக்கு ஒன்றிரண்டு வெள்ளி மிச்சம் பார்க்காமல், பயோடீசலைத் தாங்கும் வைட்டன் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம்.

வண்டி எழுந்த பிறகு புகையைப் பாருங்கள். சூடேறியதும் மறையும் வெள்ளைப் புகை பெரும்பாலும் குளோ பிளக் விவகாரம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. செம்மண் சாலையில் ஓடும் வண்டியில் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், பிறகுதான் நொசலைக் குறை சொல்ல வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். தண்ணீர் எரியறைக்குள் போகிறது என்பதற்கு அது அடையாளம்.

இந்த எஞ்சின்களின் பலவீனமே அங்கேதான். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். காரணம் பல நேரங்களில் அற்பமானது: தளர்ந்த ஃபேன் பெல்ட், சேறு அடைத்த ரேடியேட்டர், கெட்டுப்போன மூடி. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், அது அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை அளவுக்குத் தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. நம் நாட்டில் தண்ணீர் உறையாது என்பது உண்மைதான், ஆனால் கூலண்ட் துருவையும் தடுக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. வெந்துபோன கைகளைத் தோட்டத்தில் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மீட்டர் பலகையில் 'டி-பெல்ட்' விளக்கு எரிவது அதற்குத்தான். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் மீட்டரை நம்ப முடியாது. விற்றவர் என்ன சொன்னாலும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு 'போத்தோங்' கடையில் வேறு எஞ்சின் தேட வேண்டியதுதான்.

கோத்தா திங்கியில் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், சிகாமட்டில் 2011லும் 2023லும் வந்த வெள்ளங்களை மறந்திருக்க மாட்டோம். வண்டி நீரில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின், கியர், பின் டிஃபரென்ஷியல் மூன்றின் எண்ணெயையும் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்ற வேண்டும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றைத் துடைத்து, பிரேக் எண்ணெயையும் புதிதாக்குங்கள். வெள்ளம் வராவிட்டாலும் பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கெட்ட நொசலும் அடைத்த ஃபில்டரும் டீசலை வீணாக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது பலர் இதை உணர்ந்தார்கள். தகுதியுள்ளவர்களுக்கு 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டது. கறுப்புப் புகை விடும் வண்டி அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும்.

வீட்டில் தொடக்கூடாதவை இரண்டு. இன்ஜெக்ஷன் பம்ப்பையும் நொசலையும் பட்டறைக்கு விடுங்கள். நொசலில் டீசல் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சுகிறது, அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிமுனை அளவே தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். இரண்டாவது, ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது. செங்கலும் மரக்கட்டையும் போதாது. கெட்டியான தரையில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் வண்டியை இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். அப்போது சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து விளையாடும் வண்டி அது.