எண்ணில்லா மதகு

நில அளவைக் கருவி ஒரு புள்ளியைக் குறித்தால் கிடைப்பவை மூன்று எண்களே: கிழக்கு, வடக்கு, உயரம். அவ்விடத்தில் இருப்பது கிணறா, பனைமரமா, எல்லைக்கல்லா என்று கருவி அறியாது. அதற்காகவே அளப்பவர் ஒரு குறியீடு இடுகிறார். குறியீடு பெயரை மட்டுமே சொல்லும். மற்ற விவரங்களைச் சொல்வது பண்புக்கூறு.

பெருந்துறைப் பக்கம் ஓடும் கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். ஒரு போகத்தில் பாதிக்கே தண்ணீர். பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகள் திறக்கும்போது, சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் இரட்டைப்படை மதகுகள் திறக்கும், மறுபோகத்தில் நேர்மாறு. முதற்போகம் நெல்லுக்கு, மறுபோகம் கடலை, எள்ளுக்கு. பள்ளிக்கூடம் போகாத என் தந்தையார், எங்கள் மதகின் எண்ணைக் கொண்டே இவ்வாண்டு நெல்லா, எள்ளா என்று கூறிவிடுவார். அந்த எண் இல்லாமல் வெறும் 'மதகு' என்று பதிந்த புள்ளியால் அவருக்கு என்ன பயன்?

ஆகவே மென்பொருளில் 'மதகு' என்ற குறியீட்டின் கீழ் வாய்க்கால், மதகு எண் என இரு பண்புக்கூறுகளை முன்கூட்டியே அமைக்க வேண்டும். வாய்க்கால் பெயரைப் பட்டியலாகத் தருவது நலம். ஒரே பெயரை நால்வர் நான்கு விதமாக எழுதுவது நம் ஊர் வழக்கமாயிற்றே! எண்ணைக் 'கட்டாயம்' என்று வைத்தால், அதை நிரப்பாமல் புள்ளி பதிவாகாது. அந்தக் கட்டத்தில் முன்னதாகவே ஓர் எண்ணை இட்டு வைப்பது மட்டும் கூடாது. வெயிலில் அவசரமாக அளப்பவர் கையில் எல்லா மதகும் முதலாம் மதகாகிவிடும்.