பசுமைத் திருமணம்: சிக்கனமும் பொலிவும்

பசுமைத் திருமணம் என்பது சுற்றுச்சூழலுக்கு இயன்றவரை கேடு விளைவிக்காத வகையில் திட்டமிட்டு நடத்தப்படும் திருமண விழாவைக் குறிக்கும். மட்காத பொருள்களைத் தவிர்த்தல், உணவை வீணாக்காமை, உள்ளூர்ப் பொருள்களைப் பயன்படுத்தல், ஒரு முறை வாங்கியதைப் பல முறை பயன்படுத்தல் ஆகிய நான்கும் இதன் அடிப்படைகள். இக்கட்டுரை தமிழ்நாட்டுத் திருமணங்களை முன்வைத்து இதனை விளக்குகிறது.

பசுமைத் திருமணம் என்றால் செலவு கூடும் என்று சிலர் நினைக்கின்றனர். சிக்கனமாக நடத்தினால் விழா பொலிவிழக்கும் என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இரண்டும் சரியல்ல. மண்டபத்தின் பின்புறம் குவியும் குப்பையில் உள்ள ஒவ்வொரு பொருளும் காசு கொடுத்து வாங்கப்பட்டதே. குப்பை குறைந்தால் செலவும் குறையும். ஒரு நாள் விழாவுக்காக வட்டிக்குக் கடன் வாங்கி, அதைப் பல ஆண்டுகள் அடைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இது சூழலைப் பற்றிய செய்தி மட்டுமன்று, புதிதாகத் தொடங்கும் ஒரு குடும்பத்தின் நலம் பற்றியதும் ஆகும்.

எண்ணிக்கையே முதற்கணக்கு

மண்டபத்தின் அளவு, சமையல், தண்ணீர், வாகனங்கள், தாம்பூலப் பை ஆகிய அனைத்தையும் முடிவு செய்வது விருந்தினர் எண்ணிக்கையே. ஓர் இலைக்கு 200 ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். 800 பேருக்குப் பதிலாக 500 பேர் என்றால், ஒரு வேளை உணவில் மட்டும் 60,000 ரூபாய் மிச்சமாகும். முதல் நாள் இரவு விருந்து, காலைச் சிற்றுண்டி, முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று வேளை பரிமாறும் வீட்டில் இம்மிச்சம் இன்னும் பெருகும்.

எண்ணிக்கையைக் குறைப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மொய் என்பது நம் ஊர்களில் வெறும் அன்பளிப்பு அன்று. ஒரு வீட்டில் வாங்கியதை அவர்கள் வீட்டு விழாவில் திருப்பிச் செய்யும் உறவுக்கணக்கு அது. மொய் எழுதியவரை அழைக்காமல் விட்டால் மனக்கசப்பு வரும். இதற்கு ஒரு வழி, அழைப்பைப் பிரித்துக்கொள்வது. நெருங்கிய உறவினர்களை முகூர்த்தத்திற்கும், நண்பர்களையும் உடன் பணிபுரிவோரையும் வரவேற்புக்கும் அழைக்கலாம். எல்லோரையும் எல்லா வேளைக்கும் அழைக்கத் தேவையில்லை. இருவீட்டாரும் அமர்ந்து பேசி, மண்டபத்திற்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பட்டியலை முடிவு செய்துவிட வேண்டும். மண்டபம் பெரிதாக அமைந்துவிட்டால், அதை நிரப்புவதற்காகவே பட்டியல் வளரத் தொடங்கும்.

நாளும் இடமும்

ஆடி, மார்கழி மாதங்களில் பெரும்பாலானோர் திருமணம் செய்வதில்லை. அதனால் தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களின் சில முகூர்த்த நாள்களில் நெருக்கடி மிகுகிறது. அந்நாள்களில் மண்டப வாடகை, சமையற்காரர் கூலி, மல்லிகைப் பூவின் விலை எல்லாமே ஏறும். வார நாளில் வரும் முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுத்தால் பேரம் பேச இடம் கிடைக்கும். வரவேற்பை முதல் நாள் மாலை வைக்காமல் திருமண நாளன்றே வைத்துக்கொண்டால், ஒரு வேளை உணவும் விளக்குச் செலவும் குறையும்.

வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள மண்டபத்தில் காலை நிகழ்ச்சி நடத்தினால் குளிர்சாதனமும் மின்னாக்கியும் அதிகம் தேவைப்படா. மாப்பிள்ளை வீட்டார் பல கார்களில் வருவதைவிட ஒரே பேருந்தில் வருவது செலவையும் புகையையும் குறைக்கும்.

அலங்காரம்

வாசலில் குலை தள்ளிய வாழைமரம், மாவிலைத் தோரணம், தென்னங்குருத்துத் தோரணம், பாக்குக் குலை, அரிசிமாக் கோலம் ஆகியவை நம் மரபில் ஏற்கெனவே உள்ளவை. இவை அனைத்தும் மட்கும். தெர்மாகோல் எழுத்துகள், பிளாஸ்டிக் பூக்கள், பூக்களைக் குத்தி வைக்கும் பச்சை நிற நுரைக்கட்டி ஆகியவை மட்கா. அந்த நுரைக்கட்டியும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்ததே என்பதைப் பலர் அறிவதில்லை. பூக்களைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டால் அது தேவைப்படாது.

மேடைக்குச் செண்டுமல்லி, சம்பங்கி, கோழிக்கொண்டை போன்ற உள்ளூர்ப் பூக்களைப் பயன்படுத்திவிட்டு, விலை கூடிய மல்லிகையை மணமகளின் கூந்தலுக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளலாம். நாற்றங்காலிலிருந்து தொட்டிச் செடிகளை வாடகைக்கு எடுத்து, விழா முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். மணமேடையில் விரிக்கப் பத்தமடைக் கோரைப்பாய் அழகு சேர்க்கும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தருகிறார்கள். விழாவுக்குப் பின்னும் அது வீட்டில் இருக்கும்.

சாலையோரப் பதாகையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னையில், ஒரு திருமணத்திற்காகச் சாலையில் வைத்திருந்த பதாகை சரிந்து விழுந்ததில், இரு சக்கர வண்டியில் வந்த இளம்பெண் ஒருவர் நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வந்த லாரி மோதி உயிரிழந்தார். நம் வீட்டு மகிழ்ச்சி இன்னொரு வீட்டின் துயரமாகிவிடக் கூடாது.

விருந்து

உணவில் வீணாவதற்கு முதற்காரணம் பதார்த்தங்களின் எண்ணிக்கை. இலையில் இருபத்தைந்து வகை வைத்தால், யாராலும் எல்லாவற்றையும் உண்ண முடியாது. இனிப்பு ஒன்று, பொரியல், கூட்டு, வறுவல், அப்பளம், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று அளவாக அமைத்து, அவற்றைச் சுவையாகச் செய்வதே விருந்தின் சிறப்பு. எல்லாவற்றையும் முன்கூட்டியே இலையில் வைத்துவிடாமல், கேட்டுப் பரிமாறப் பழகிய ஆள்களை அமர்த்துவது நல்லது.

வாழை இலையைக் கழுவத் தேவையில்லை. பயன்படுத்திய பின் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகும். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றாகச் சாதாரணக் காகிதச் சுருளை விரிக்கலாம், அல்லது மேசையைத் துடைத்துவிட்டு அப்படியே பரிமாறலாம். நின்றபடி உண்ணும் விருந்துக்குப் பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் கிடைக்கும்.

தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு கணக்குப் போடுவோம். 600 பேர், இரு வேளை, ஆளுக்கு 300 மில்லி புட்டி ஒன்று என்றால் 1,200 புட்டிகள் குப்பையாகும். அவற்றில் உள்ள தண்ணீரோ 360 லிட்டர்தான். அது 20 லிட்டர் கேன்கள் பதினெட்டில் அடங்கிவிடும். கேன்களும் டம்ளர்களும் திரும்பக் கடைக்கே போய்விடும்.

மீந்த உணவை வீணாக்காமல் சேர்ப்பிக்க, கோயம்புத்தூரில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற தன்னார்வ அமைப்புகளை அணுகலாம். விழாவுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடந்தால் கெடத் தொடங்கும். இலையில் வைத்ததைக் கொடுக்கக் கூடாது. பரிமாறாமல் பாத்திரத்தில் இருப்பதை மட்டுமே சூடாக மூடிக் கொடுக்க வேண்டும்.

உடையும் நகையும்

அம்மாவின் அல்லது பாட்டியின் பட்டுப்புடவையை உடுத்துவது இன்று பலரும் விரும்பும் வழக்கமாகியுள்ளது. புதிதாக எடுப்பதென்றால், முகூர்த்தத்திற்கு ஒரு காஞ்சிபுரம் பட்டு போதும். மற்ற சடங்குகளுக்கு மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்ற பருத்திப் புடவைகளை எடுத்தால் பின்னாளிலும் உடுத்தலாம், நெசவாளருக்கும் வேலை கிடைக்கும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுக் கடைகளில் கைத்தறித் துணிகள் கிடைக்கும். மணமகன் வரவேற்பில் ஒரு மாலை மட்டும் அணியும் கோட்டை வாடகைக்கு எடுக்கலாம்.

பழைய நகையை அழித்துப் புதிது செய்தால் செய்கூலியும் சேதாரமும் போகும். பழைய வேலைப்பாட்டை மெருகேற்றி அப்படியே அணிந்தால் அழகும் தனித்தன்மையும் கூடும். சீர், வரதட்சணை என்ற பெயரில் கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அழைப்பிதழும் தாம்பூலமும்

தொலைவில் உள்ளோருக்குக் கைப்பேசி வழி அழைப்பிதழ் போதும். மூத்தோரை வெற்றிலை பாக்குடன் நேரில் சென்று அழைக்கும் வழக்கம் இருப்பதால், அவர்களுக்கு மட்டும் சில அழைப்பிதழ்களை அச்சிடலாம். பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத தாளே மறுசுழற்சிக்கு ஏற்றது. தாம்பூலத்தை மஞ்சப்பையில் கொடுத்தால், அந்தப் பை மறுநாள் முதல் காய்கறி வாங்கப் பயன்படும்.

சட்டம் கூறுவன

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும், தண்ணீர்ப் பொட்டலம், உறிஞ்சு குழல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. துணிபோலத் தோன்றும் நெய்யாத பையும் தடை செய்யப்பட்டதே. தாம்பூலப் பையாக இதைத்தான் பலர் அறியாமல் வாங்குகின்றனர்.

எளிய சடங்குகளுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ நடத்தும் சுயமரியாதைத் திருமணமும் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும். எம்முறையில் நடந்தாலும், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

திட்டமிடும் வரிசை

1. இருவீட்டாரும் மொத்தச் செலவின் வரம்பை முடிவு செய்தல்.
2. விருந்தினர் பட்டியலை எழுதி, எண்ணிக்கையை உறுதி செய்தல்.
3. அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற நாளையும் மண்டபத்தையும் பார்த்தல்.
4. சமையற்காரரிடமும் அலங்காரம் செய்வோரிடமும் தடை செய்யப்பட்ட பொருள்கள் கூடாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்தல்.
5. மட்கும் குப்பை, மட்காத குப்பை என இரு தொட்டிகள் வைத்து, அவற்றைக் கவனிக்க வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்குதல்.
6. மீந்த உணவை எடுத்துச் செல்வோரிடம் முன்கூட்டியே பேசி வைத்தல்.

இவற்றுள் முதல் இரண்டும் சரியாக அமைந்தால் மற்றவை எளிதாகும். விருந்தினர் நெடுநாள் நினைவில் வைத்திருப்பது மேடையின் உயரத்தையோ பதார்த்தங்களின் எண்ணிக்கையையோ அன்று. வாசலில் நின்று வரவேற்ற முகத்தையும், பசியறிந்து பரிமாறிய கையையுமே அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அவற்றுக்குச் செலவு இல்லை.