ஆமையும் இல்லை, சம்பந்தமும் இல்லை!

‘டர்டில் டவ்’ என்றதும் ஆமைக்கும் புறாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒன்றுமே இல்லை! ‘டுர்ர்... டுர்ர்...’ என்ற அதன் குரலைக் கேட்டு லத்தீனில் ‘டுர்டுர்’ என்றார்கள். அதுதான் இப்படித் திரிந்தது.

நம்மூர் தவிட்டுப்புறாவின் உறவுக்காரிதான் இதுவும். எடை சுமார் 150 கிராம். கோடையில் ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு, சஹாராவைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். 2014-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ‘டைட்டன்’ என்ற புறாவுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது மாலி வரை போய்த் திரும்பியது. ஏறத்தாழ 11,200 கி.மீ.! அதுவும் பெரும்பாலும் இரவுப் பயணம்.

இவ்வளவு தூரம் பறக்கும் பறவையைக் களைக்கொல்லி வீழ்த்துகிறது என்றால் நம்ப முடிகிறதா? இதன் உணவு கிட்டத்தட்ட முழுக்க விதைகள்தான். விவசாயிக்குக் களை, புறாவுக்கு அதுதான் சோறு. வயலில் களை குறைந்ததும் சாப்பாடு போயிற்று. 1960-களில் இங்கிலாந்தில் ஒரு பருவத்தில் சராசரியாக மூன்று முறை கூடு கட்டிய ஜோடி, 1990-களில் இரண்டு முறைகூடக் கட்டவில்லை. கூட்டுக்கு இரண்டே முட்டை என்பதால் கணக்கு உதைத்தது. பிரிட்டனில் 1970-களில் இருந்ததில் 95 சதவிகிதத்துக்கும் மேல் காணாமல் போய்விட்டன. 2015 முதல் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு’ இனம்.

போதாக்குறைக்கு வேட்டை. 2021-ல் பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றும் துப்பாக்கியைக் கீழே போட்டன. சில வருடங்களிலேயே மேற்கு ஐரோப்பாவில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அதைக் காட்டியே, 2025-ல் வரம்பு வைத்து வேட்டைக்கு மீண்டும் வழி திறந்துவிட்டார்கள்.