கப்பலேறுமுன் இளைஞனுக்கு ஒரு சொல்

ஜங்லிகாட்டில் குடியேறுமுன், சென்னைத் துறைமுகத்தில் மூட்டை முடிச்சுடன் நின்ற அன்றைய நமக்கு இன்று என்ன சொல்லுவோம்? இந்தி பழகு, சிக்கனமாயிரு என்பனவெல்லாம் பிறகு. முதற்கண், "தம்பி, உன் காகிதங்களைக் காத்துக்கொள்" என்போம்.

நிக்கோபாரிலுள்ள கச்சால் தீவை எண்ணிப் பாருங்கள். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கையிலிருந்து 5,25,000 இந்திய வம்சாவளியினரை ஏற்க நம் அரசு இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் கச்சால் ரப்பர்த் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. பிறந்த மண்ணை விட்டுவந்த அவர்களுக்குக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையுமே சாட்சி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. இடிந்த வீட்டை மறுபடி கட்டலாம். காகிதம் இழந்தவன் தன்னை இன்னாரென்று எங்ஙனம் மெய்ப்பிப்பான்?

ஆகவே பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றின் நகல்களை ஊரில் தாயாரிடமோ தமையனாரிடமோ ஒப்படைத்துவிட்டு வா என்போம். தீவில் ஒன்று, ஊரில் ஒன்று. மற்றொன்றும் உண்டு. நம் தந்தையார் பெயரின் முதலெழுத்து, இங்குள்ள படிவங்களில் குடும்பப் பெயராய் உருமாறும் வேடிக்கையை அறியாத தமிழர் யார்? எல்லாச் சான்றிலும் பெயர் ஒரே வகையாய் உள்ளதா என்று கப்பலேறுமுன்பே பார்த்துவிடச் சொல்லுவோம்.