பழைய துப்பாக்கியில் வேறு தோட்டா: இந்தியாவில் குழல் மாற்றத்தின் வரலாறு

ஒரு துப்பாக்கியின் இயங்கு பகுதியை வைத்துக்கொண்டு, குழலையோ அதன் உள்விட்டத்தையோ மாற்றி வேறு அளவுத் தோட்டாவுக்கு ஏற்றதாகச் செய்வதைக் குழல் மாற்றம் எனலாம். பழைய ஒற்றைக்குழல் ஷாட்கன்னைப் பழங்கால ரைபிளாக மாற்றுவது சில நாடுகளில் பொழுதுபோக்காக இருக்கிறது. இந்தியாவில் இந்த வேலை பெரும்பாலும் எதிர்த்திசையில், அதாவது ரைபிளைத் திறன் குறைந்த துப்பாக்கியாக ஆக்குவதற்காக, அரசாங்கத்தின் ஆணைப்படி நடந்தது. அதற்குத் தொழில்நுட்பத்தை விட அவநம்பிக்கையே பெரிய காரணமாக இருந்தது.

ஷாட்கன்னும் ரைபிளும்

ஷாட்கன்னின் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். அதிலிருந்து பல ரவைகள் சிதறிச் செல்லும். ரைபிளின் குழலுக்குள் திருகாணியின் மரையைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. இவை சுரிகள் எனப்படும். சுரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புவதால் அது பம்பரம் போல நிலை தடுமாறாமல் நெடுந்தூரம் செல்கிறது. வழுவழுப்பான குழல் கொண்ட பழைய மஸ்கட் துப்பாக்கியால் சுமார் 100 கெஜத்துக்கு அப்பால் குறி வைத்துச் சுடுவது கடினம். ரைபிள் பல நூறு கெஜம் வரை குறி தவறாது.

அளவைக் குறிக்கும் முறையும் வேறுபடும். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், அவற்றில் ஒன்றின் விட்டமே 12 போர் துப்பாக்கியின் குழல் விட்டம். ரைபிளின் விட்டம் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ சொல்லப்படும். .303 என்றால் 0.303 அங்குலம், ஏறத்தாழ 7.7 மி.மீ. ஷாட்கன் வகையைச் சேர்ந்ததானாலும் .410 மட்டும் அங்குல அளவாலேயே அழைக்கப்படுகிறது.

புள்ளலூர் முதல் 1857 வரை

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். மைசூர் ராக்கெட்டுகளுக்குப் பெயர் பெற்ற அந்தப் போரில் காலாட்படையின் கையில் இருந்தவை வழுவழுப்பான குழல் கொண்ட, சக்கிமுக்கிக் கல்லால் பொறியெழுப்பும் மஸ்கட்டுகள். கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்க்கும் இந்தியச் சிப்பாய்க்கும் ஆயுதத்தில் அப்போது பெரிய வேறுபாடு இல்லை.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள் வந்தபோது நிலைமை மாறியது. 0.577 அங்குல விட்டமும் சுரிகளும் கொண்ட அதன் தோட்டா உறையில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி 1857 எழுச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று. எழுச்சி அடக்கப்பட்ட பின், இந்தியச் சிப்பாய்களிடம் நெடுந்தூரம் சுடும் ரைபிள் இருக்கக் கூடாது என்று ஆட்சியாளர்கள் எண்ணினர். எனவே அதே என்ஃபீல்டின் சுரிகளைக் கடைந்து நீக்கி, விட்டத்தை 0.656 அங்குலமாக்கி, 1858 மாதிரி மஸ்கட் உருவாக்கப்பட்டது. பார்வைக்கு அது ரைபிளாகவே இருந்தது, சுட்டால் மஸ்கட்.

இந்த மாற்றம் ஒரு பொறியியல் பாடத்தையும் கற்பித்தது. உட்புறத்தைக் கடைந்ததால் குழலின் சுவர் மெலிந்து, எளிதில் வளையவும் புடைக்கவும் தொடங்கியது. அதனால் 1859 மாதிரியில் தடித்த சுவருள்ள குழல் தனியாகச் செய்யப்பட்டது.

1866இல் பிரிட்டிஷ் படை ஸ்னைடர் முறையை ஏற்றது. என்ஃபீல்டு குழலின் பின்முனையில் சுமார் இரண்டரை அங்குலத்தை வெட்டிவிட்டு, கீலில் திறக்கும் அடைப்புள்ள பகுதி பொருத்தப்பட்டது. வாய் வழியே மருந்து இடித்த துப்பாக்கி, பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கியானது. ஆனால் இந்தியப் படைகளுக்குப் பொதுவாக ஒரு தலைமுறை பழைய ஆயுதமே தரப்பட்டது. வெள்ளையர் படை மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய பின்னரே ஸ்னைடர் இந்தியர் கைக்கு வந்தது. பொதுமக்களுக்கோ 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது.

இஷாப்பூரின் .410 மஸ்கட்

கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் நடந்த மாற்றம் இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. .303 லீ-என்ஃபீல்டு ரைபிள்களின் சுரிகள் நீக்கப்பட்டு, குழல் .410 அளவுக்கு விரிவாக்கப்பட்டது. தோட்டாப் பெட்டி இருந்த இடம் மரக்கட்டையால் அடைக்கப்பட்டது. பத்துத் தோட்டா கொள்ளும் ரைபிள், ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா போட வேண்டிய ஒற்றைச் சுடு துப்பாக்கியாயிற்று. காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் இது வழங்கப்பட்டது.

அதன் தோட்டா .303 தோட்டாவின் கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்டுச் செய்யப்பட்டது. கடைகளில் கிடைத்த .410 ஷாட்கன் தோட்டாவும் அதில் சரியாகப் பொருந்தாது; .303 தோட்டாவாலும் அதில் பயனில்லை. துப்பாக்கி களவு போனாலும் தோட்டா கிடைக்காமல் அது வெறும் தடியாகிவிடும் என்பதே கணக்கு.

வேட்டைத் துப்பாக்கிகளும் இந்த அச்சத்துக்குத் தப்பவில்லை. 1907 வாக்கில் இந்தியாவில் .450 அளவு ரைபிள்கள் தனியாருக்குத் தடை செய்யப்பட்டன. அவற்றின் குண்டுகள் பழைய மார்ட்டினி-ஹென்றிக்குப் பயன்பட்டுவிடும் என்பதே காரணம். இதனால் இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 போன்ற புதிய அளவுகளை உருவாக்கின. .303 ராணுவ அளவாக ஒதுக்கப்பட்டதால், உரிமம் பெற்ற தனியாருக்கு .315 வேட்டை ரைபிள் வந்தது. விடுதலைக்குப் பின்னும் இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே இது செய்யப்பட்டது.

ஷாட்கன்னை ரைபிளாக்குவதில் உள்ள ஆபத்து

காஞ்சிபுரம் வாசகர்களுக்குத் தறியை வைத்து இதைச் சொல்லலாம். தறி அதேதான், அச்சை மாற்றினால் துணியின் நெருக்கம் மாறும். ஆனால் பாவின் இழுவிசையைத் தறிச் சட்டம் தாங்க வேண்டும். துப்பாக்கியில் அந்தச் சட்டத்தின் வேலையைச் செய்வது இயங்கு பகுதி. 12 போர் தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 11,000 பவுண்டு வரை அழுத்தம் எழும். .303 தோட்டாவில் அது 45,000 பவுண்டைத் தாண்டும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஷாட்கன்னுக்காகச் செய்த கீலும் பூட்டும் இதைத் தாங்காமல் உடைந்தால், உலோகம் சுடுபவரின் முகத்தை நோக்கியே வரும்.

1962 சீனப் போருக்குப் பின் லீ-என்ஃபீல்டை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்ற முனைந்த இஷாப்பூர் தொழிற்சாலையே, பழைய உடலை அப்படியே பயன்படுத்தாமல் மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்தது. அதுவே 2ஏ1 ரைபிள். லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும், கூடுதல் மருந்திட்டுச் சுட்டுப் பார்த்துக் குழலுக்கு முத்திரையிடும் ஏற்பாடு இருந்து வருகிறது. தனியொருவர் பட்டறையில் இதற்கு ஈடான சோதனை கிடையாது.

இன்றைய சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை உண்மையான துப்பாக்கியாக்குவதையும் தடுக்கிறது. ஒரு வகைத் துப்பாக்கியை மற்றொரு வகையாக மாற்றுவதும் 2019 திருத்தத்தால் இதில் சேர்க்கப்பட்டது. இதை மீறினால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடந்தால், அதைத் துடைத்துச் சுட்டுப் பார்க்கக் கூடாது. உரிமம் பெற்றவர் இறந்திருந்தால், வாரிசுகள் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து, பிறகு உரிமத்துக்கு விண்ணப்பிப்பதே முறை.

1858 மஸ்கட், .410 மஸ்கட், .315 வேட்டை ரைபிள் ஆகிய மூன்றின் அளவையும் தீர்மானித்தது, சுடுபவரின் தேவை அல்ல. அவரை அரசு எவ்வளவு நம்பியது என்பதே. அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கியைக் காணும் மாணவர்கள், அதன் குழலுக்குள் சுரி இருக்கிறதா, அது எந்தத் தோட்டாவுக்குரியது, யாருக்கு வழங்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.